55 இன்ச் டிவி, நாலரை இன்ச் சுவர்

கேள்வி: 11.01.2024, இரவு 9.40

சேலத்தில் புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. ஹாலில் நாலரை இன்ச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் படுக்கையறை. 55 இன்ச் டிவி வாங்கியாகிவிட்டது. எடை 16 கிலோ. கடையில் கேட்டால், "ஆள் வருவார், நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டுப் போய்விடுவார்" என்கிறார்கள். மாமனார், "இந்தச் சுவர் தாங்காதுங்க மாப்பிள்ளை, பேசாமல் ஸ்டாண்டில் வையுங்க" என்கிறார். மனைவிக்கு ஒரே நிபந்தனை: ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 11.01.2024, இரவு 10.15

தாங்கும். மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கொத்தனாரும் இல்லை. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எடையும் நெம்புகோலும் என் பிழைப்பு, அதனால் அதை மட்டும் சொல்கிறேன். சுவரில் தொங்கும் டிவி இரண்டு விதமாக இழுக்கும். ஒன்று நேர் கீழே. 16 கிலோவை நாலு ஸ்க்ரூவுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 4 கிலோ. அது ஒன்றுமே இல்லை. இன்னொன்று, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும் இழுப்பு. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

டிவியின் எடை மையம் சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவே 10 செ.மீ. என்று வையுங்கள். 16-ஐ 6-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வரும். மேலே இரண்டு ஸ்க்ரூ, ஆளுக்கு 5 கிலோ. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் செருகுவோமே பிளக், நல்ல செங்கலில் ஒழுங்காக இறங்கிய 8 மி.மீ. பிளக்குக்கு இது தூசு.

எங்கள் வீட்டில் பழைய 29 இன்ச் குண்டு டிவி ஒன்று இருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும், எப்படியும் 40 கிலோ தேறும். ஷோகேஸ் பலகை நடுவில் தொய்ந்துபோய் பத்து வருடம் அதைச் சுமந்தது. அதைப் பார்த்து ஒருவரும் பயந்ததில்லை.

12.01.2024, காலை 6.20

படுத்த பிறகுதான் உறைத்தது. "நல்ல செங்கலில்" என்று நானாக எழுதிவிட்டேன். உங்கள் சுவர் செங்கல்தானா என்று கேட்கவே இல்லை.

2019-ல் இதே தப்பை நேரிலேயே செய்திருக்கிறேன். மைத்துனன் புது அபார்ட்மென்ட்டுக்குப் போனான். டிவி மாட்ட வேண்டும், மாமா வந்தால் போதும் என்றான். பெருமையாக ஹேமர் டிரில்லைத் தூக்கிக்கொண்டு போனேன். 8 மி.மீ. பிட்டை வைத்து அழுத்தியதும் வாழைத்தண்டில் கத்தி இறங்குகிற மாதிரி சர்ரென்று போய்விட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பிளக்கைச் செருகி ஸ்க்ரூவை முறுக்கினால் பிளக்கும் கூடவே சுற்றுகிறது. ஓட்டையில் சுவருக்குப் பூசும் பட்டி மாவைக் கொஞ்சம் திணித்து, காய்ந்ததும் முறுக்கி, டிவியை மாட்டிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்பதாவது நாள் சாயங்காலம் போன். டிவி முன்பக்கமாகத் தலை சாய்ந்து நிற்கிறது, மைத்துனன் மனைவி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி, மகனை விட்டு எனக்கு போன் போடச் சொல்லியிருக்கிறாள். நான் போய்ச் சேரும்வரை பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அது ஏஏசி பிளாக் சுவர். உள்ளே பூராவும் காற்றுக் குமிழி, ரொட்டி மாதிரி. அதில் ஹேமர் அடித்தால் ஓட்டை 8 மி.மீ.யாக இருக்காது, 11 ஆகிவிடும்.

ஆகவே முதலில் சுவர் எதுவென்று பாருங்கள். விரலால் தட்டிப் பார்ப்பது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை, பூச்சு கழன்று நின்றாலே டொக்டொக் என்று பொய் சொல்லும். டிவி மறைக்கப்போகிற இடத்தில் 5 மி.மீ. பிட்டால் ஒரே ஒரு சோதனை ஓட்டை போடுங்கள். கீழே பழைய கல்யாணப் பத்திரிகை கவர் ஒன்றைத் திறந்த வாக்கில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும். முதல் அரை இன்ச்சுக்குச் சாம்பல் நிறம், அது பூச்சு. அதற்கப்புறம் சிவப்பு வந்தால் செங்கல். சாம்பலே தொடர்ந்தால் சிமென்ட் பிளாக், இல்லையென்றால் ஃபிளை ஆஷ் கல். வெள்ளையாக மாவு மாதிரி கொட்டினால் ஏஏசி. பிட் போய்க்கொண்டே இருந்து திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். பிட் நகரவே மறுத்துச் சூடேறிக் கீச்சிட்டால் கான்கிரீட்.

ஏஏசி என்றால் ஹேமரை அணைத்துவிட்டுச் சும்மா சுழல விட்டுத் துளை போட வேண்டும். நாலு இன்ச் நீளமுள்ள நைலான் பிளக், அல்லது ஓட்டைக்குள் பசை ஊற்றி அதில் போல்ட்டை நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர். பசை இறுகும் நேரம் டப்பாவிலேயே போட்டிருக்கும், அதுவரை கை வைக்கக் கூடாது. மைத்துனன் வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தோம். இன்றுவரை நிற்கிறது. ஆனால் நான் போனால் அவன் மனைவி டிவிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறாள்.

12.01.2024, மதியம் 1.30

கை நீட்டி மடக்கும் பிராக்கெட் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதே கணக்கைப் போடுங்கள். கை முழுசாக நீளும்போது டிவி சுவரிலிருந்து 45 செ.மீ. வெளியே. ஸ்க்ரூ இடைவெளி 22 செ.மீ. 16 பெருக்கல் 45, வகுத்தல் 22: கிட்டத்தட்ட 33 கிலோ. ஒட்டி மாட்டும் பிராக்கெட்டில் பத்து, இதில் முப்பத்துமூன்று. டிவியும் அதேதான், சுவரும் அதேதான்.

12.01.2024, மதியம் 1.50

மேலே கையின் எடையை விட்டுவிட்டேன். அந்த இரும்புக் கையே நாலைந்து கிலோ வரும். அதன் மையம் பாதித் தூரத்தில் என்று வைத்தாலும் இன்னும் 5 கிலோ கூடும். அப்புறம் யாராவது அதைப் பிடித்து இழுத்துத் திருப்புவார்கள், அதற்கு ஒரு கணக்கு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எனக்கு இந்த பிராக்கெட்டே பிடிக்காது.

14.01.2024, போகி, காலை

பட்டறை மூடியாச்சு. ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். சுவர் கணக்கில் என்னை நம்பலாம். ஒயரில் நான் பட்டதைத்தான் சொல்ல முடியும்.

2021 பங்குனியில் வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தது. அதோடு அதாக டிவி இடத்தில் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி 25 மி.மீ. பிவிசி பைப் புதைத்துவிட்டேன், மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். டிவி வாங்கியது ஆடித் தள்ளுபடியில். நடுவில் நாலு மாதம். இரண்டு வாயையும் திறந்தே விட்டுவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டார். ஒரு ஜாணில் முட்டி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே களிமண். குளவிக் கூடு! எங்கம்மாவுக்கு அப்போது 74 வயது. "குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், அதைக் கலைக்காதே" என்று பைப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் கல்யாணமான ஜோடி நானும் மனைவியும்தான். எனக்கு 49 வயது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்க் கம்பியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கூட்டைக் குத்தி எடுத்தாச்சு. அடுத்தது எச்டிஎம்ஐ ஒயர், செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுபோவது. ஒயர் என்னவோ மெல்லிசுதான், அதன் தலை இரண்டு செ.மீ. அகலம். 25 மி.மீ. என்பது பைப்பின் வெளி அளவு. உள்ளே 21 இருந்தால் பெரிது. நேராக ஓடும் இடத்தில் உரசிக்கொண்டே போனது, கீழ் வளைவில் போய் மாட்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏனுங்ணா, தலையை வெட்டி உட்டுட்டு அந்தப் பக்கம் சேத்திக்கலாங்ளா?" என்றார். கேபிள் டிவி ஒயரென்றால் சேர்க்கலாம். இது 19 பின் உள்ள சாமான், சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் படம் வராது. வளைவு இருந்த இடத்தில் பூச்சை மறுபடி உடைத்தோம். புதுப் பூச்சு, நாலு மாதக் குழந்தை.

ஆகவே 40 மி.மீ. பைப் போடுங்கள். மூலையில் கூர்மையான எல்போ வேண்டாம், நீளமாக வளையும் பெண்டு. உள்ளே ஒரு நைலான் கயிற்றை நிரந்தரமாக விட்டு வையுங்கள், அடுத்த ஒயர் இழுக்க உதவும். இரண்டு வாயிலும் துணியை அடைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

14.01.2024, இரவு

பலர் கேட்பதால்: இல்லை, குழந்தை பிறக்கவில்லை.

17.01.2024

40 மி.மீ. பைப் என்று மேலே சொன்னதை உங்கள் சுவருக்குத் திரும்பப் பெறுகிறேன்.

காணும் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த சிவில் இன்ஜினியர் உறவுக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "நாலரை இன்ச் சுவரில் 40 மி.மீ. காடியா? அதுக்குச் சுவரே இல்லாமல் இருந்துடலாமே" என்றார். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி, ஐஎஸ் 1905, இப்படிச் சொல்கிறது: மேலிருந்து கீழாக வெட்டும் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கைவாட்டில் வெட்டுவது ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நாலரை இன்ச் என்பது 115 மி.மீ. மேல் சுமை தாங்காத தடுப்புச் சுவர் என்றால் செங்குத்தாக 38 வரை வெட்டலாம், படுக்கையாக 19 தான். 40 மி.மீ. பைப் எந்தப் பக்கமும் அடங்காது. 25 மி.மீ. செங்குத்தாக மட்டும் அடங்கும்.

என் வீட்டுச் சுவர் அப்பா 1987-ல் கட்டிய ஒன்பது இன்ச் சுவர். அதில் நான் என்ன அட்டூழியம் செய்தாலும் பொறுத்துக்கொண்டது. அதை மனதில் வைத்து உங்களுக்குச் சொன்னது என் புத்தி.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் யோசித்ததே இல்லை. அந்தப் பக்கம் படுக்கையறையிலும் அதே இடத்தில் சுவிட்ச் போர்டுக்குக் காடி வெட்டியிருந்தால்? இரண்டு காடியும் முதுகோடு முதுகு சேர்ந்து நடுவில் பிஸ்கட் கனத்துக்குத்தான் செங்கல் மிஞ்சும். வெட்டுவதற்கு முன்னால் அடுத்த அறைக்குப் போய்ப் பாருங்கள். காடியை மூடும்போது மேலே கோழி வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பைப் ஓடும் வழி பூராவும் விரிசல் கோடு போட்டுக் காட்டும். மறைத்த ஒயருக்கு மேப் வரைந்த மாதிரி.

அப்படியென்றால் உங்களுக்கு வழி? காடி வெட்டாமல் சுவருக்கு முன்னால் மரப் பேனல். ஆசாரியிடம் சொன்னால் ரீப்பர் கட்டை அடித்து மேலே 18 மி.மீ. பிளைவுட் போட்டுத் தருவார். நடுவில் இரண்டு இன்ச் சந்து கிடைக்கும், எந்தத் தலையுள்ள ஒயரும் போகும், நாளைக்கு மாற்றவும் லேசு. ஒரே எச்சரிக்கை, பிராக்கெட் ஸ்க்ரூ பிளைவுட்டில் மட்டும் நிற்கக் கூடாது. அதற்குப் பின்னால் கட்டை கொடுத்து, அதையும் ஊடுருவிச் சுவரில் போய்ப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பேனலோடு சேர்ந்து வரும். இதில் டிவி இன்னும் இரண்டு மூன்று இன்ச் வெளியே தள்ளும் என்பதை மேலே போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: வீட்டு ஓனர் ஆணியே அடிக்கக் கூடாது என்று சொன்ன இடத்தில் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஸ்டாண்டு வாங்குங்கள்.

18.01.2024

"பவர் ஒயரை அப்படியே காடியில் வைத்துப் பூசிவிட்டேன், இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் மார்தட்டியிருக்கிறார். டிவியோடு வரும் ஒயர் திறந்தவெளியில் கிடப்பதற்கான ஒயர். சிமென்ட்டுக்குள் புதைப்பதற்கானதல்ல. உள்ளே எங்காவது தோல் உரிந்தால் மாற்றவும் முடியாது, தெரியவும் தெரியாது. அடுத்த ஆள் எதுவும் தெரியாமல் அங்கே ஆணி அடிப்பான்.

செய்ய வேண்டியது வேறு. டிவிக்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயிண்ட். கீழே இருக்கும் போர்டிலிருந்து பைப்புக்குள் தனித்தனி ஒயராக 1.5 சதுர மி.மீ. மூன்று இழைகள், எர்த் உள்பட. தலை இல்லாத ஒயர் என்பதால் 25 மி.மீ. பைப் தாராளம். சுவிட்சைக் கீழ் போர்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் வந்தால் டிவிக்குப் பின்னால் கையை நுழைத்துத் துழாவ முடியாது. எச்டிஎம்ஐ, கேபிள் ஒயர், நெட் ஒயர் எல்லாம் வேறு வழியில் போகட்டும், கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் வேண்டாம்.

பிளக் பாயிண்ட் பிராக்கெட்டுக்கு நேர் பின்னால் வந்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். மெல்லிய பிராக்கெட்டில் டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இன்ச் சந்துதான் இருக்கும். செருகிய பிளக் இரண்டு இன்ச் துருத்தி நிற்கும். டிவி உட்காராது. பாயிண்ட்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் போடுங்கள், டிவி முதுகு எங்கே உள்வாங்கியிருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராக.

முடிந்தால் ஒயர்களையே குறையுங்கள். நெட்டிலேயே எல்லாம் பார்க்கும் வீட்டுக்குப் பவர் ஒன்று போதும். செட்டாப் பாக்ஸ் இருந்தால்தான் தலைவலி. அதை டிவி முதுகில் ஒட்டி ஒளித்தால் ரிமோட் வேலை செய்யாது, அதன் கண் நம்மைப் பார்க்க வேண்டும். ஒயரில் தொங்கும் தனிக் கண் ஒன்று விற்கிறார்கள், சில பாக்ஸுக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் பத்து மீட்டர் ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்கிச் சுவருக்குள் இழுத்தும் படம் வரவில்லை என்று அழும் நண்பருக்கு: அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. எந்த முனை டிவிக்கு என்று தலையிலேயே எழுதியிருக்கும். இழுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

21.01.2024

உயரம் பற்றி யாருமே கேட்கவில்லை. கேட்காததால்தான் எல்லார் வீட்டிலும் டிவி தியேட்டர் திரை மாதிரி மேலே தொங்குகிறது.

மாட்ட வருகிறவர் நின்றுகொண்டு வேலை செய்கிறார். அவர் கண் ஐந்தடியில், டிவியும் ஐந்தடியில். பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 105, 110 செ.மீ. இருக்கும். 55 இன்ச் டிவியின் உயரம் 70 செ.மீ. நடுவை 105-ல் வைத்தால் கீழ் விளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ.யில் வரும். பார்க்கும்போது ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே என்று தோன்றும். உட்கார்ந்ததும் சரியாகிவிடும்.

ஆனால் எங்கம்மா சோபாவில் உட்காருவதில்லை. சாயங்காலம் தரையில் பாயை விரித்து, முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு உருவிக்கொண்டே சீரியல் பார்ப்பார். அங்கே கண் 75 செ.மீ.தான். எங்கள் டிவி முதலில் ஐந்தடியில் இருந்தது. இரண்டு மாதம் கழுத்துக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். வயசாச்சு என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவினேன், பத்தே நிமிடத்தில் எனக்கே பிடரி வலித்தது.

25 செ.மீ. இறக்கினேன். பழைய ஓட்டைகள் டிவிக்குப் பின்னாலேயே மறைந்துவிட்டன. பிளக் பாயிண்ட்தான் டிவி தலைக்கு மேலே கொம்பு மாதிரி வெளியே வந்துவிட்டது. அத்தனை காடி, அத்தனை குளவி, எல்லாம் அந்த ஒயரை மறைக்கத்தான். அம்மா அதன் மேலே முருகன் காலண்டரை மாட்டிவிட்டார். எந்த மாதம் என்று பார்க்கக் காலண்டரைத் தூக்கினால் பிளக் தெரியும்.

பிராக்கெட் வைக்கும்போது கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். டிவியின் மேல் விளிம்பில் போனை வைத்துப் பார்ப்பதைவிட அதுதான் நம்பகம்.

28.01.2024

இன்று ஞாயிறு, கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். கடையில் "ராவல் பிளக் கொடுங்க" என்கிறோமே, அது லண்டன்காரர் ஒருவரின் பெயர். ஜான் ஜோசப் ராலிங்ஸ். பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார வேலை. சுவரைச் சிதைக்கக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது என்று நிபந்தனை. கிட்டத்தட்ட உங்கள் மனைவி போட்ட அதே நிபந்தனை. அதற்காகச் சணல் நாரில் அவர் செய்ததுதான் முதல் பிளக், நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது "பிஷர்" என்று கேட்டு வாங்குகிற நைலான் பிளக் 1958-ல் ஜெர்மனியில் ஆர்தர் பிஷர் செய்தது.

அதற்கு முன்னால் நம் ஊரில் மர ஆப்புதான். சுவரைக் குடைந்து ஆப்பை அடித்து, அதில் ஸ்க்ரூ. என் சின்ன வயதில் வீட்டு ஒயரிங் பூராவும் சுவருக்கு வெளியேதான் இருந்தது. நீளமான தேக்குப் பட்டியில் ஒயர் ஓடும், சாணுக்கு ஒரு கிளிப். கரண்ட் வந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்கிற மாதிரி, வாசலிலிருந்தே பார்க்கலாம். அதை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

04.02.2024

சேலத்துக்காரர் சோதனை ஓட்டை போட்டுவிட்டார். கவரில் விழுந்த தூளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சாம்பல். கடைசி வரை சாம்பல். ஒன்றரை இன்ச்சில் பிட் பொத்தென்று உள்ளே விழுந்ததாம்.

செங்கலே இல்லை. நாலு இன்ச் ஹாலோ பிளாக்.

05.02.2024

நேற்றிரவு அவரிடம் கேட்டேன், "நாலரை இன்ச் என்று அளந்தீர்களா?" இல்லையாம், வீடு கட்டியவர் வாய் வார்த்தை. கதவு நிலைக்குப் பக்கத்தில் இப்போது அளக்கச் சொன்னேன். பூச்சோடு சேர்த்துச் சரியாக 5 இன்ச். முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் டிரில்லே தேவைப்பட்டிருக்காது. நாலரை இன்ச் செங்கலுக்கு இரண்டு பக்கமும் பூசினால் ஐந்தரைக்குக் குறையாது. ஐந்து என்றால் அது நாலு இன்ச் பிளாக்தான். பட்டறையில் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் ஒரு சாமானைத் தொட மாட்டேன். இங்கே ஊரான் வாய்க்கணக்கை வைத்து மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். ஐஎஸ் 1905 என்றெல்லாம் வேறு.

மாமனார் சொன்னது பாதி சரி. இந்தச் சுவரில் நாலு பிளக் வைத்து முறுக்குவது சூதாட்டம். பிளாக்கின் முன் ஓடு ஒரு இன்ச் சொச்சம்தான் கனம், அதற்குப் பின்னால் காற்று. பிளக்கின் பாதி உடம்பு அந்தரத்தில் நிற்கும்.

ஒரு வழி இருக்கிறது, லேத்காரனுக்குப் பிடித்த வழி. சுவரையே ஊடுருவும் போல்ட். ஹாலில் பிராக்கெட், படுக்கையறையில் 5 மி.மீ. இரும்புத் தகடு, நடுவில் நாலு எம்8 த்ரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை போட்ட 8 மி.மீ. கம்பி. பிடுங்கும் இழுப்பு அந்தப் பக்கத் தகட்டில் பரவிவிடும், பிளாக்கின் முன் ஓடு ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். ஆனால் ராடை மட்டும் போட்டு நட்டை முறுக்கினால் உள்ளே வெற்றிடம் என்பதால் ஓடு நொறுங்கும். அதற்கு ராடின் மேல் ஒரு குழாய், சுவர் கனத்துக்குச் சரியான நீளத்தில். முறுக்கு முழுக்கக் குழாய் வாங்கிக்கொள்ளும், சுவர் நசுங்காது.

இன்று சாயங்காலம் நாலு குழாய் கடைந்துவிட்டேன். 127 மி.மீ. நீளம், வெளி விட்டம் 12. தகட்டையும் துளை போட்டுச் சேர்த்துப் பஸ் பார்சலில் அனுப்புகிறேன். காசு வேண்டாம், மூன்று வாரம் தப்பான சுவரைப் பற்றிப் பேசியதற்கு அபராதம்.

துளை போடும்போது: ஹேமர் வேண்டாம், பிளாக் தெறிக்கும். பிட் அந்தப் பக்கம் வெளியே வரும் கடைசி அரை இன்ச்சில் அழுத்தாதீர்கள், பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். அங்கே ஒருவரை ஒரு மரக்கட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை வேண்டாம், ஒயர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

18.02.2024

மாட்டியாச்சு. கட்டையைப் பிடித்து நின்றவர் மாமனாராம். டிவியை ஏற்றும் முன் வெறும் பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்திருக்கிறார். 71 கிலோ! அசையவில்லை. "சரி, மாட்டுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டாராம். டிவியைவிட மாமனார் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பேனல் போடவில்லை, செலவு அதிகமாம். பவருக்கு மட்டும் ஒயரை மூடும் கேசிங் பட்டியைச் சுவர் மேல் ஒட்டி, சுவரின் பெயின்ட்டையே அதற்கும் அடித்துவிட்டார்கள். நான் சொன்ன அத்தனை வழியையும்விட இது எளிது, ஒத்துக்கொள்கிறேன். படுக்கையறைப் பக்கம் தகட்டை மறைக்கக் கல்யாண போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். நாலு நட்டும் துருத்துவதால் போட்டோ சுவரோடு படியாமல் கொஞ்சம் குனிந்து பார்க்கிறதாம். நட்டின் தலையில் மிச்சமிருக்கும் ராடை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டால் படியும். நட்டுக்கு மேலே இரண்டு மரை மட்டும் தெரிந்தால் போதும்.

02.06.2024

இந்த இழை இன்னும் உயிரோடு இருப்பது இன்றுதான் தெரிந்தது. சேலத்துக்காரர் புதுப் படம் போட்டிருக்கிறார். செட்டாப் பாக்ஸ் ஒயர் டிவிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்துகொண்டே இருந்ததால், மனைவி அங்கே ஒரு மணி பிளான்ட் தொட்டியை வைத்துக் கொடியை ஒயர் மேலேயே ஏற்றிவிட்டாராம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது, ஒயரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஐயா, தொட்டியை முதலில் நகர்த்துங்கள். அதற்கு நேர் கீழே இருப்பது பிளக் போர்டு, தினமும் மேலே தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.